தண்ணீரில் தெரிவதை எடுத்துவிடு

தம்பி,

கையெழுத்தைப் பார்த்ததும் இது அம்மாவின் கடிதம் என்று நினைத்திருப்பாய். கை அவளுடையது, பேச்சு என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். அதை அவள் எந்த அளவுக்குக் கேட்பாள் என்று உனக்கே தெரியும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் ‘எல்லாம் நல்லா இருக்குடா’ என்றுதான் சொல்வேன். அதனால் முக்கியமானதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஆசை ஆசையாகக் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய அந்த வயல் காட்சியைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் தெரிவதை எடுத்துவிடு என்று சொன்னேன் அல்லவா? தண்ணீரில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் போய்விட்டது, தம்பி.

நீ அங்கே கனடாவில் உட்கார்ந்துகொண்டு, அப்பா பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மனைவி ஜெனியும் அப்படித்தான் நினைக்கிறாள். அந்த நினைப்பு உங்கள் இருவர் மனதிலும் இருக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. இதை நீ நம்ப வேண்டும் என்றால் நடந்ததை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி. நீ வேகமாகப் படிக்கிறவன், பாதியில் முடிவு கட்டிவிடாதே.

எனக்குச் சர்க்கரை எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அது காலில்தான் வரும் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் நானும் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சத்தம் போடாமல் கண்ணில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதலில் போனது நீலமும் பச்சையும். மணல்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள், ‘அண்ணே, பொண்ணு கட்டினது மயில்கழுத்துப் புடவை. இங்க சுத்த நீலமால்ல இருக்கு’ என்றார்கள். மயிலாடுதுறையில் இத்தனை வருஷம் ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம், புடவை நிறம் தப்பு என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. மானிட்டர் கெட்டுவிட்டது என்று அவர்களிடம் சொன்னேன், உன்னிடமும் அதையே சொன்னேன். நீ மானிட்டரை மாற்றச் சொன்னாய். மாற்றினேன். புது மானிட்டரிலும் மயில்கழுத்து வரவில்லை. அப்போதுதான் உள்ளே படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மேல் பழியைப் போட்டேன். ‘கார்டு பழசாயிடுச்சுடா, கலர் எல்லாம் போச்சு’ என்றேன். ‘கலர் கார்டால போகாதுப்பா. கார்டு வேகத்துக்குத்தான். ஒண்ணு படம் வரும், இல்ல வராது, இப்படி மங்கிப் போகாது’ என்று நீ சொன்னாய். நீ சொன்னது சரி. மங்கியது கார்டு இல்லை என்று எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை, கார்டுதான், கார்டேதான் என்று சாதித்தேன். பாவம், நீயும் நம்பிவிட்டு, உன் நண்பன் லீவுக்கு ஊருக்கு வந்தபோது புது கார்டைக் கொடுத்தனுப்பினாய்.

தஞ்சாவூரில் கண் டாக்டர் பார்த்தார். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ‘போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம்’ என்றார். இருப்பது என்றால் என்ன தெரியுமா? நடுவில் பெரிய அழுக்கு. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. அவர்கள் வாயைத் திறந்து பேசினால் பிழைத்தேன். கோயிலில் ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறேன், பக்கத்தில் நிற்பவர் பக்கம் திருப்பும்போது நானும் திருப்புவேன். ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு கம்ப்யூட்டர் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு முட்டி வலி என்று உன்னிடம் காரணம் சொன்னேன். உன் அம்மாவிடம்கூட ‘கொஞ்சம் மங்கல்’ என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இந்த இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘அந்த மங்கல்காரர்தான் போன வாரம் என் மூக்குக் கண்ணாடி மேல உட்கார்ந்தாரு, அதையும் சொல்லுங்க’ என்கிறாள். சொல்லிவிட்டேன்.

பழைய கார்டு நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். சனி ஞாயிறு வந்தால் என்னை நச்சரிப்பாய், ‘இந்தக் கார்டை வச்சுக்கிட்டு எப்படிப்பா எடிட் பண்றீங்க’ என்று. உன் தொல்லை தாங்காமல்தான் அதை வாங்கினேன். அதற்கு முன்னால் இருந்தது காற்றாடிகூட இல்லாத ஒரு குட்டிக் கார்டு. புதியதை மாட்ட மெஷினை அன்று ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தோம். நீ ஏதோ ஒரு டெஸ்டை ஓட்டினாய், கடைசியில் ஒரு பெரிய எண் வந்தது. குதிக்காத குறையாக, ‘அப்பா, நம்பரைப் பாருங்க!’ என்றாய். ‘நம்பரை நீ வச்சுக்கடா, எனக்குப் படத்தைக் காட்டு’ என்றேன். என்னிடம் எப்போதும் ஒரே டெஸ்ட்தான். தாலி கட்டும்போது எல்லோரும் பூ வீசுகிற இடம். குட்டிக் கார்டில் அந்தப் பூ எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து அந்தரத்தில் நிற்கும். புதிதாக வந்ததில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக விழுந்தது, பெண்ணின் தலையில் ஒன்று தங்கியதுகூடத் தெரிந்தது. ‘வினாடிக்கு எத்தனை பிரேம்னு பாருங்கப்பா’ என்று நீ. ‘பூ விழறது தெரியுது, போதும்டா’ என்று நான். அந்த நேரம் பார்த்து வயலுக்கு மும்முனை கரண்ட் விட்டார்கள், ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் சரிந்தது, மெஷின் அணைந்து அணைந்து எரிந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் சமையலறையைப் பார்த்து ‘மிக்ஸியைப் போடாதீங்க’ என்று கத்தினோம். பிறகு நீதான் காகிதத்தில் வாட் கணக்குப் போட்டு, கார்டுக்கு வேண்டிய சக்தியைக் கொடுக்க நம் பவர் சப்ளைக்குத் தெம்பு இல்லை என்று கண்டுபிடித்தாய். அதுவரை பழியைச் சுமந்தது உன் அம்மாவின் தேங்காய்ச் சட்னி. நம் இருவருக்கும் நடுவில் இருந்த உறவு அதுதான் தம்பி. கார்டு, கேபிள், வாட். உனக்கு முத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்தக் கார்டின் கிளாக் வேகத்தைக் கேட்டால் இப்போதும் சொல்வேன்.

நீ அனுப்பிய புது கார்டின் பெட்டியில் இருந்ததை அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். பழையது எனக்கு மனப்பாடம் என்பதால் மனதுக்குள்ளேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெமரி பழையதிலும் எட்டு ஜிபி, புதியதிலும் எட்டு ஜிபி. இத்தனை வருஷம் கழித்தும் அதே எட்டா என்று சிரித்தேன். அந்த மெமரிக்குப் போய்வரும் பாதை பழையதில் இருநூற்று ஐம்பத்தாறு பிட் அகலம், புதியதில் அதில் சரிபாதி. கரண்ட்டும் பழையதுதான் அதிகம் குடிக்கும். காகிதத்தை மட்டும் பார்க்கிறவன் பழையதுதான் பெரிய ஆள் என்று சொல்லிவிடுவான். நான் அதை உன்னிடம் கேட்டபோது நீ எனக்காக நம் ஊர்ப் பேச்சில் விளக்கம் சொன்னாய்: ‘வாய்க்கால் குறுகலா இருந்தாலும் தண்ணி வேகமா வரும்பா. அதோட கார்டுக்கு உள்ளயே ஒரு சின்னக் குளம் வெட்டி வச்சிருக்காங்க. அடிக்கடி வேண்டியதை அங்கேயே தேக்கி வச்சுக்கும், ஒவ்வொரு தடவையும் வாய்க்கால் வரைக்கும் போக வேண்டியதில்லை.’ இவன் எவ்வளவு படித்தாலும் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவன் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. பின்னால் மாட்டிய பிறகு பார்த்தால், வேகத்திலும் நீ சொன்னபடிதான். எடிட் முடித்த ஒரு கல்யாண வீடியோவை முழுப் படமாக எக்ஸ்போர்ட் போட்டால் பழையது மத்தியானம் முழுக்க இரைந்துகொண்டு கிடக்கும், அறையே அனலாகிவிடும். புதியது அம்மா குழம்பைக் கூட்டி இறக்குவதற்குள் முடித்துவிட்டு மணி அடித்தது, காற்றாடிச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. இந்த ஒரு ஒப்பீட்டை நான் காதால் செய்தேன், இதில் பொய் கிடையாது.

இன்னும் இரண்டு விஷயம் நீ சொன்னாய். ஒன்று, புது கார்டு இரண்டு படங்களுக்கு நடுவில் இல்லாத ஒரு படத்தைத் தானே ஊகித்து வரைந்து சொருகிக்கொள்ளும், அதனால்தான் அவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது என்பது. கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். தெரியாத இடத்தையெல்லாம் ஊகித்து நிரப்பிக்கொண்டு தெரிந்தவன்போல நடமாடிக்கொண்டிருந்தேன். இன்னொன்று தண்ணீரைப் பற்றியது. பழைய கார்டு ஓட்டும் காட்சியில், திரையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் தண்ணீர் தலைகீழாகத் திருப்பிக் காட்டும். புதியதோ வெளிச்சம் எங்கெல்லாம் பட்டுத் திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகத் தேடிக்கொண்டு போகும். அதனால் திரைக்கு வெளியே இருப்பதும் தண்ணீரில் தெரியும். பார்க்கிறவனுக்குப் பின்னால் இருப்பது தெரியும். பார்க்கிறவனே தெரிவான். ‘அதுதாம்பா பெரிய வித்தியாசம். மத்ததெல்லாம் வேகம்தான்’ என்றாய். அதை நீ ஏன் இரண்டு தடவை அழுத்திச் சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை. வழக்கம்போலக் கார்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

இப்போது சொல்லக் கஷ்டமானதைச் சொல்ல வேண்டும். ஜெனிக்கு ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை தவறிப்போனபோது நீ போன் செய்தாய். பெண் பிள்ளை என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன்? ‘ஆண்டவர் வேற குடுப்பார்டா, மனசைத் தேத்திக்குங்க’ என்றேன். யார் வீட்டில் இப்படி நடந்தாலும் போய் நின்று சொல்வோமே, அதையே என் பிள்ளைக்கும் சொன்னேன். நீ ‘சரிப்பா’ என்றாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் உனக்கு வலிக்கும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன், நீயும் மூடிக்கொண்டாய். கார்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற அப்பனும் மகனும் அவளைப் பற்றி ஒரு நிமிஷம் பேசவில்லை. வேறு கொடுப்பார் என்று சொன்னேனே, உனக்கு வேறு எதற்கு? உனக்கு அவள்தானே வேண்டியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன். உனக்கு அங்கே காலை. மவுஸை நகர்த்தினால் உள்ளே நடந்து போகிற மாதிரி நீ செய்திருந்த காட்சியை, முதலில் பழைய கார்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாய், பார்த்தேன். எனக்கு ஏதோ வெளிச்சமாகத் தெரிந்தது. ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்டது. தவளை, தூரத்தில் மோட்டார், மடையில் தண்ணீர் விழுகிற ஓசை. பரம்படித்து நடவுக்குத் தயாராகத் தண்ணீர் நிற்கிற நம் வயல் என்று காதாலேயே கண்டுகொண்டேன். பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அதையும் தடவித் தடவியே செய்தேன். கார்டு பள்ளத்தில் உட்கார்ந்ததும் வருகிற ‘க்ளிக்’, திருகு, பவர் வயர், பின்பக்கம் மானிட்டர் வயர், எல்லாம் விரலுக்கே தெரிந்த வேலை. கண் இல்லாமல் கார்டு மாற்றியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் என்று எனக்குள் ஒரு இறுமாப்பு. நீ போனில் காத்திருந்தாய்.

‘அப்பா, இப்ப வரப்பு ஓரமா வந்து நில்லுங்க. அப்படியே கீழ குனிஞ்சு தண்ணியைப் பாருங்க.’

‘ம்.’

‘தெரியுதாப்பா?’

‘தெரியுதுடா. நல்லாவே தெரியுது.’

‘என்ன நினைக்கிறீங்க?’ என்று மெதுவாகக் கேட்டாய். வெறுமனே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நீ சந்தேகப்படுவாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பன் குறை சொல்லாமல் எதையாவது பாராட்டியிருக்கிறானா? நீ நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் மீதிப் பத்து எங்கே என்று கேட்டவன்தானே நான். அதனால் ஒரு குறையைத் தேடினேன். புது கார்டு எது வந்தாலும் அதைக் காட்டுவதற்காகத் தண்ணீரையும் தரையையும் கண்ணாடிபோலப் பளபளக்க விடுவார்கள், அது எனக்கு எப்போதுமே பிடிக்காது. நீயும் அப்படித்தான் செய்திருப்பாய் என்று ஊகித்து அடித்துவிட்டேன்.

‘எல்லாம் சரிதான். அந்தத் தண்ணியில தெரியறது மட்டும் வேணாம்டா. எடுத்துடு. கண்ணை உறுத்துது. வயல் வயலா இருந்தாப் போதும்.’

‘எடுத்துடவா?’

‘எடுத்துடு.’

‘சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிட்டாய்.

இங்கே உனக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உன் அப்பன் கல்நெஞ்சக்காரனே ஆனாலும், அப்படி ஒரு பேச்சைக் கேட்டதும் ‘ஏம்பா அப்படிச் சொல்றீங்க?’ என்று நீ திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை சண்டை போட்டிருக்க வேண்டும். நீ கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன், உளறினால் மாட்டியிருப்பேன், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நாளைக்கு ஜெனியே உன் மனம் நோகிற மாதிரி ஏதாவது சொன்னாலும் இரண்டாம் தடவை கேட்டுவிட்டு அப்புறம் அழு. என்னைப்போல ‘சரி’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளாதே. உன்னைக் குறை சொல்ல இதை எழுதச் சொல்லவில்லை. இல்லை, குறையும்தான் சொல்கிறேன். அந்த அளவுக்கு மனம் எரிகிறது.

காட்சியைத் திருத்தி அனுப்பினாய், அதற்குப் பிறகு உன் போன் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவன், வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாய். ‘அப்பாகிட்ட குடுக்கவா?’ என்று அவள் கேட்டால், ‘அப்புறம் பேசறேன்மா.’ கார்டு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அம்மாதான் பொறுக்கமாட்டாமல் ஜெனிக்குப் போன் போட்டாள். ஜெனி முதலில் ஒன்றும் இல்லை என்று மழுப்பியிருக்கிறாள். பிறகு, ‘அத்தை, மாமாவுக்கு அது பிடிக்கலையா? அவர் எத்தனையோ நாளா வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்து செஞ்சாரு. மாமா எடுத்துடச் சொல்லிட்டாங்களாம்’ என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். ‘எதைம்மா?’ என்று இவள் கேட்டதற்கு, ‘பாப்பாவை’ என்றாளாம்.

உன் அம்மா என் மேல் கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கையில் இருந்த கரண்டியோடு வந்து நின்றாள்.

‘என்னத்தப் பார்த்தீங்க தண்ணியில?’

‘எந்தத் தண்ணி?’

‘பிள்ளை அனுப்பினதுல. என்னத்தப் பார்த்துட்டு எடுத்துடச் சொன்னீங்க? சொல்லுங்க, என்ன தெரிஞ்சுது?’

‘ஒண்ணும் தெரியல’ என்றேன். ‘எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. நீ நிக்கிறது தெரியுது. உன் முகம் தெரியல.’

அவள் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, இப்போது இதை எழுதும்போதுதான் அழுகிறாள். ‘வாங்க, நான் பார்த்துச் சொல்றேன்’ என்று என் கையைப் பிடித்து மெஷினிடம் கூட்டிப்போனாள். நீ முதலில் அனுப்பியதைத் திறந்தோம். பார்த்துவிட்டு, ‘தண்ணியில ஒண்ணும் இல்லையேங்க. சாம்பல் கலர்ல தகரம் மாதிரி இருக்கு’ என்றாள். எனக்குப் பொறி தட்டியது. மேஜைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். மானிட்டர் வயர் கார்டில் இல்லை. அதற்கு மேலே, மதர்போர்டில் ஒரு ஓட்டை இருக்கும் பார், அதில் போய்ச் செருகியிருக்கிறேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாள் செய்கிற தப்பு. கடல் தாண்டி வந்த உன் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்க, போர்டில் இருக்கும் ஏழைக் கிராபிக்ஸ் தன்னால் முடிந்த அளவு வரைந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண் உள்ளவன் பார்த்த உடனே சிரித்திருப்பான். நான் அதைப் பார்த்துக்கொண்டு, நல்லாவே தெரியுதுடா என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நான் எடுத்துவிடு என்று சொன்னபோது என் திரையில் எடுப்பதற்கு எதுவுமே இல்லை, தம்பி.

வயரை மாற்றிச் செருகினேன். மறுபடி திறந்தோம். ‘ஐயோ’ என்றாள் உன் அம்மா, ‘நம்ம வயலுங்க. அந்த வளைஞ்ச தென்னை மரத்தைக்கூட விடல’ என்றாள். மவுஸ் அவளுக்குப் பழக்கம் இல்லை. வரப்பை விட்டு விட்டு விலகினாள். ‘வாய்க்காலுக்குள்ள இறங்கிட்டேங்க, எப்படி ஏறுறது?’ என்று பதறினாள். அவள் கைமேல் கையை வைத்து, மேலே ஏற்றி, வரப்பு ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். கீழே குனியச் சொன்னேன்.

அவள் மவுஸை மெதுவாகக் கீழே இழுத்தாள்.

‘வானம் தெரியுது’ என்றாள். ‘மேகம் போகுது. ஒரு ஆளு நிக்கிறாரு. வேட்டி, வெள்ளைச் சட்டை. ஏங்க, இது நீங்கதாங்க! அந்தத் தொப்பையை அப்படியே வச்சிருக்கான் பாருங்க’ என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

‘என்ன?’

‘இடுப்புல பிள்ளை இருக்கு.’

‘யார் இடுப்புல?’

‘உங்க இடுப்புல. நீங்கதான் தூக்கி வச்சிருக்கீங்க.’

எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ‘ஒரு வயசுப் பிள்ளை. நெத்தி ஜெனியோடது. உங்க சட்டைப் பைக்குள்ள கையை விட்டு என்னமோ தேடிக்கிட்டு இருக்கா. நான் இப்படி நகர்ந்தா நீங்களும் நகர்றீங்க, அவ தலை ஆடுது.’ எங்கே இருக்கிறாள், காட்டு என்றேன். உன் அம்மா என் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். ‘இதுதான் அவ தலை. இது கை. இது காலு’ என்று ஒவ்வொரு இடமாக விரலை நகர்த்திக் காட்டினாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தது. முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்து, கண்ணின் ஓரத்தால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது. அவள் தெரியவில்லை.

நாம் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் பேசித்தான் இருக்கிறாய். உனக்கும் எனக்கும் தெரிந்த பாஷையில், கார்டு, தண்ணீர், வெளிச்சம் என்று பேசி, அவளைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்திருக்கிறாய். நான் அவளைக் கண்ணை உறுத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடியவில்லை. என் வாயை அறுத்துப் போட்டால்கூடத் தகும்.

பிறகு நீ திருத்தி அனுப்பியதையும் திறந்தோம். ‘வானம் இருக்கு. மரம் இருக்கு. ஆளைக் காணோம்ங்க, பிள்ளையையும் காணோம்’ என்றாள் அம்மா. நான் சொன்னபடியே வயல் வயலாக இருந்தது.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். அவளைத் திரும்ப வை. நான் பார்க்கப்போவதில்லை, டாக்டர் அதில் எனக்கு ஆசை காட்டவில்லை. பரவாயில்லை. நீ பார், ஜெனி பார்க்கட்டும், உன் அம்மா தினமும் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லட்டும். என்னை வைக்க உனக்கு மனம் இல்லை என்றால் என்னை எடுத்துவிடு, நீயே தூக்கிக்கொள். அவள் இருக்க வேண்டும். ஜெனியிடம் மாமா மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லாதே, நானே கேட்கிறேன், போனை அவள் கையில் கொடு.

இன்னொன்று. நீங்கள் அவளுக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருப்பீர்கள். ஏழு மாதம் சுமந்த பிள்ளைக்கு வீட்டுக்குள் கூப்பிட ஒரு பெயராவது இருந்திருக்கும். நான் இதுவரை கேட்கவே இல்லை. எனக்குக் காது நன்றாக இருக்கிறது, தம்பி. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போடு. வேறு எதுவும் பேச வேண்டாம், அவள் பெயரை மட்டும் சொல். தாத்தா ஒரு தடவை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அப்பா